கலுங்கில் வழியும் தண்ணீருக்குக் கட்சி ஏது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சுற்றுச்சூழல் அக்கறை கட்சிகளைக் கடந்ததா, கட்சிகளுக்குள் சிக்கியதா? கடந்தது என்று பேச வந்திருக்கிறேன். "எதிர்க்கட்சியாக இருந்தால் தோளில் பச்சைத் துண்டு, ஆளுங்கட்சியானால் துண்டு மாயம்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனார் எதிரணித் தலைவர். நானும் தட்டினேன். பாதி உண்மைதானே! மீதிப் பாதி மதுரை மாவட்டத்தில் மேலூர்ப் பக்கம் இருக்கிறது.

அரிட்டாபட்டிக்குப் போயிருக்கிறீர்களா? 7 மலைகள், 72 நீர்நிலைகள். பாறை இடுக்கில் வல்லூறு கூடு கட்டும்; குகையில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் 2,200 ஆண்டுப் பழைமையான கல்வெட்டு இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் சுமார் 2,015 ஹெக்டேர் நிலத்தில் டங்ஸ்டன் என்னும் உலோகத்தைத் தோண்டி எடுக்க ஒன்றிய அரசின் ஏலம் முடிந்தது.

மலையில் விழும் மழை கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால், மிச்ச நீர் வழிந்தோடும் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். கீழ்வயல்காரர் எந்தக் கட்சி என்று எந்தக் கலுங்கும் கேட்டதில்லை. டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. "இத்தனை மாதமாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எடப்பாடி பழனிசாமி, ஆளுங்கட்சியும் சளைக்காமல் திருப்பிக் கேட்டது. அவ்வளவு சண்டைக்கும் நடுவில் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது!

ஜனவரி 7 அன்று மேலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். 23 அன்று ஏலம் ரத்தானது. உடனே இன்னொரு ஏலம் தொடங்கியது: பெருமை யாருக்கு? ஊர்ப் பிரதிநிதிகளை டெல்லியில் அமைச்சரிடம் அழைத்துச் சென்றிருந்தார் அப்போது தமிழ்நாடு பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை. 26 அன்று அரிட்டாபட்டிக்கே போனார் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின்.

நாடகம் என்பீர்கள். இருக்கட்டும். பார்க்க ஆள் இல்லாத ஊரில் யார் கூத்துப் போடுவார்கள்? மலையைக் காத்தேன் என்றால் ஓட்டு விழும் என்று எதிரும் புதிருமான கட்சிகள் ஒரே கணக்கைப் போடுகின்றன என்றால், அந்த ஓட்டுக்காரர் கொடியைப் பார்க்காமல் மலையைப் பார்த்திருக்கிறார்!

இன்னொன்று. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது அ.தி.மு.க. அரசு. 2021-இல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சி போட்ட தடை என்று தூக்கி எறியாமல், அந்த டிசம்பரிலேயே 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடர்ந்தது தி.மு.க. அரசு. பிளாஸ்டிக் ஒழிந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். சற்றுமுன் இந்த மேடையில் தேநீர் வந்த கோப்பையைக் கேளுங்கள்.

எதிரணித் தலைவரே, உங்கள் நாற்காலிக்கு அடியிலும் ஒரு மஞ்சப்பை இருக்கிறதே, அது எந்த ஆட்சியில் வாங்கியது?