அலரி இலையில் வளரும் அந்துப்பூச்சி

அன்பான நேயர்களுக்கு வணக்கம். எங்கள் வளவுகளில் பூசைப்பூவுக்கென்று நிற்கும் செவ்வலரியில் ஆடுமாடு வாய் வைப்பதில்லை. அப்படிப்பட்ட செடியின் கொழுந்துகள் ஒருநாள் விடியலில் மொட்டையாகி நிற்குமானால், அதன் அடியில் நிலத்தைப் பாருங்கள். மிளகிலும் சற்றுப் பெரியனவாய், பக்கங்களில் வரிப்பள்ளம் விழுந்த கரும்பச்சைக் குறுணிகள் சிதறிக் கிடக்கும். அவை அலரி அந்துப்பூச்சியினுடைய புழுவின் எச்சங்கள். புழுவோ உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும், ஆனால் எளிதில் தென்படாது.

1758 இல் லின்னேயஸ் பெயரிட்ட இந்த இனத்தை இன்று அறிவியலாளர் டாப்னிஸ் நெரீ என அழைக்கின்றனர். இலங்கை உட்பட ஆசியாவின் வெப்பப் பகுதிகளுக்கும் ஆபிரிக்காவுக்கும் உரிய பூச்சி இது. அலரியோடு நந்தியாவட்டை, பட்டிப்பூ ஆகியவற்றின் இலைகளையும் இதன் புழு உண்ணும்.

தாய்ப்பூச்சி இளம் இலைகளில் முட்டைகளைத் தனித்தனியே இடுகிறது. வெளிர்பச்சையான முட்டை ஒன்றரை மில்லிமீற்றர் அளவினது. சில நாட்களில் அது பொரிக்கும். வெளிவரும் சின்னஞ்சிறு புழுவின் வாற்புறத்தில் மயிர்போல நீண்ட கரிய கொம்பு ஒன்று இருக்கும். நான்கு முறை தோலுரித்து, ஏழெட்டுச் சென்ரிமீற்றர் நீளத்துக்குப் புழு கொழுக்கும்போது, அந்தக் கொம்பு குட்டையாகிச் செம்மஞ்சளாக மாறிவிடும். அது கொட்டும் என்று பயந்து நான் சிறுவயதில் ஈர்க்கால் தட்டிவிட்ட புழுக்கள் அனேகம். மயிர்க்கொட்டியைப் போல இதற்குச் சுணை மயிர் கிடையாது. கொம்பால் கொட்டவும் முடியாது. புழுவைத் தொட்டால் அது தலையை உள்ளிழுத்து உடலின் முன்பகுதியை உப்பச்செய்யும். அப்போது அங்கே கருவளையமிட்ட இரண்டு நீலவெண் பொட்டுகள் விரிந்து, ஏதோ பெரிய பிராணி விழித்துப் பார்ப்பது போலத் தோன்றும்.

இனி நஞ்சின் கதைக்கு வருகிறேன். அலரி இலையில் ஒலியாண்டிரின் முதலிய இதய நச்சுகள் உண்டு. விலங்குகளின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் நொதியத்தை அவை முடக்கிவிடுகின்றன. எருக்கலையின் உறவுச் செடிகளை உண்டு வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியில் அந்த நொதியமே மாற்றமடைந்திருப்பதால் நஞ்சு அதில் பற்றுவதில்லை; அந்தப் பூச்சி நஞ்சை உடலில் சேமித்துப் பறவைகளுக்குக் கசப்பாகவும் ஆகிவிடுகிறது. அலரி அந்துப்பூச்சியும் அவ்வாறே இருக்குமென்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால், 2009 இல் வெளியான ஓர் ஆய்வு இதன் நொதியம் நஞ்சுக்கு மிக எளிதில் ஆட்படக்கூடியது என்று காட்டியது. அப்படியானால், இலையோடு விழுங்கிய நஞ்சு அந்த நொதியத்தைச் சென்றடையாதபடி புழுவின் உடல் அதைத் தடுத்துக்கொள்கிறது என்றே கொள்ளவேண்டும். நஞ்சுச் செடியில் வளர்ந்தும் நஞ்சைத் தனக்குக் கவசமாக்கிக்கொள்ளாத புழு இது. ஆகவேதான் அதற்கு இலைப்பச்சை நிறமும், பக்கவாட்டில் ஓடும் வெண்கோடும், அந்தப் பொய்க்கண்களும் அத்தனை அவசியமாகின்றன என்பது என் எண்ணம். செண்பகமும் புலுனியும் அலரிப் பற்றைக்குள் தேடித் திரிவது வீணுக்கல்ல.

முற்றிய புழுவின் முதுகு ஒருநாள் கபில நிறமாக இருளும். பச்சையை விட்டு மண்ணுக்கு இறங்கப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். செடியடிச் சருகுகளைச் சில நூலிழைகளால் தளர்வாகப் பிணைத்து அதற்குள் அது கூட்டுப்புழுவாகிறது. அதிகாலையில் முற்றம் கூட்டிச் சருகை மூலையில் குவித்துக் கொளுத்துகிறோமே, அந்தக் குவியலில் இந்தக் கூட்டுப்புழுக்களும் போய்விடுகின்றன. அலரிக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்குச் சருகை விட்டுவைத்தால் முற்றத்தின் அழகு ஒன்றும் கெட்டுப்போகாது.

முட்டையிலிருந்து பூச்சி வெளிவர எங்கள் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் செல்லும். கூட்டை உடைத்து வரும் பூச்சி முதலில் கசங்கிய துணிபோல ஈரச் சிறகுகளுடன் தண்டொன்றில் ஏறித் தொங்கும். சிறகுகள் விரிந்து உலர்ந்தபின், பச்சையும் இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்து பளிங்குக்கல் வரிகளைப் போன்ற கோலம் தெரியும். சிறகு விரிப்பின் அகலம் பத்துச் சென்ரிமீற்றர் அளவு. பகலில் இலைகளுக்கிடையே அசையாமல் இருக்கும் அது, இருட்டியதும் உடனே பறந்துவிடாது. நெஞ்சுத் தசைகளைச் சூடாக்குவதற்காகச் சிறகுகளைச் சிறிது நேரம் நடுக்கிக்கொண்டே நிற்கும். அதன்பிறகுதான் எழுந்து மல்லிகைப் பந்தலுக்குப் போய், பூவில் அமராமல் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும்.