ஒளவையைத் தேடினால் ஔவை வருவாளா?

(வேலூரில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம். போனை உள்ளே வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் அது வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒரு பெரிய நூலகத்தின் இணையதளத்தில் புத்தகம் தேட என்னிடம் வந்தார். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். முகப்பில் 'தமிழ்' என்றிருந்ததை அழுத்தினோம். 'தேடுக', 'உதவி' எல்லாம் தமிழாக மாறின. ஐயாவுக்கு ஒரே சந்தோஷம். ஒற்றை விரலால் ஔவையார் பெயரைத் தட்டினார். 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. "என்னப்பா, ஔவைக்கே இடமில்லையா?" என்றார்.

உற்றுப் பார்த்தேன். ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டிருந்தார். நம் கண்ணுக்கு அது ஔ. கணினிக்கு இரண்டு வேறு எழுத்து. ஔ என்று ஒரே எழுத்தாகத் தட்டியதும் வரிசையாக வந்து விழுந்தன.

இது அவர் தப்பா? இல்லவே இல்லை. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ'வைக்கூட இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒன்றாகப் போட்டு, அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டு. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ஒள-வுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. தளம் கட்டுகிறவர்தான் கவனித்துச் சேர்க்க வேண்டும். பொத்தானை மொழிபெயர்க்க ஒரு நாள் போதும், இந்த வேலைக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

அப்புறம் பெயர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் ஊரில் அச்சாகும் புத்தகமும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அப்படி வந்த நூல்களைப் பட்டியலிடும் இந்திய தேசிய நூற்பட்டியல் தமிழ் நூலையும் ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில்தான் பதிந்து வந்தது. நம்ம வட ஆற்காட்டில் 1912-இல் பிறந்த எழுத்தாளர் மு.வ.வை எடுத்துக்கொள்ளுங்கள். வரதராசன், வரதராசனார், வரதராஜன். ரோமனில் போனால் மேலும் கீழும் கோடும் புள்ளியும் வைத்து இன்னும் சில. ஒருவரே இத்தனை பேராக நிற்கிறார்.

ஐரோப்பாவிலும் இதே தலைவலிதான். 2008 நவம்பரில் பல நாட்டு நூலகச் சேகரிப்புகளை ஒரே இடத்தில் தேட உதவும் யூரோப்பியானா தளம் திறந்த அன்றே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது. அது சின்ன விஷயம், சரிசெய்துவிட்டார்கள். முகப்பு எத்தனை மொழியில் இருந்தாலும், பிரெஞ்சுக் குறிப்பு பிரெஞ்சில்தானே கிடக்கும்? இதற்காகவே சுவிட்சர்லாந்து, பிரான்சு, பிரிட்டன், ஜெர்மனி தேசிய நூலகங்கள் தங்கள் பொருள் தலைப்புகளை, அதாவது புத்தகம் எதைப் பற்றியது என்று குறிக்கும் சொற்களை, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டன. ஆங்கிலத்தில் 'குதிரை' என்று தேடினால் ஜெர்மன் குதிரையும் வர வேண்டும், இல்லையா? வேலூர், வெல்லூர், வட ஆற்காடு, நார்த் ஆர்காட் என்று நமக்கும் முடிச்சுப் போட நிறைய இருக்கிறது.

சரி தம்பிகளே, இப்போது போனை எடுங்கள். ஏதாவது ஒரு நூலகத் தளத்தில் மு.வ. என்று தட்டுங்கள். பிறகு வரதராசன், பிறகு வரதராஜன். மூன்று தடவையும் எத்தனை புத்தகம் வந்தது என்று வெளியே டீ குடிக்கும்போது சொல்லுங்கள்.