கிழக்கே பார்த்து நிற்கும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிக்கிற மாணவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. முழுப் படம் வேண்டாம். ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துவர வேண்டும். டைட்டிலும் அதற்குள்ளேயே வந்துவிட வேண்டும். காதல், பேய், கொலை என்று பலரும் ஒரு பக்கம் போய்விடுவார்கள். கொஞ்சம் பேர்தான் "சயின்ஸ் ஃபிக்ஷன் எடுக்கிறோம் சார்" என்று வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "சென்னைக்குப் போய் எடுக்கலாமா?" என்பதுதான். கண்ணாடிக் கட்டடம் வேண்டும், மெட்ரோ ரயில் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்புறம் கிராபிக்ஸுக்குக் காசு இல்லையே என்ற கவலை. இரண்டுமே தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். நீங்கள் காட்டப்போகும் உலகத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். அது என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிறக்க வேண்டும்.

பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1965-இல் 'ஆல்ஃபாவில்' எடுத்தபோது எதிர்கால நகரத்துக்கென்று செட் எதுவும் போடவில்லை. அன்றைய பாரிஸின் புதுக் கட்டடங்களையும் விளக்குகளையும் இரவில் படம்பிடித்து, இதுதான் அந்த நகரம் என்றார். நம் தமிழிலேயே 1963-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' வந்தது. அதில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பூமிக்கு வந்து ஒரு பெண்ணைக் கொண்டுபோகிறார்கள். எதற்கு? பாட்டுக் கற்றுக்கொள்ள. சங்கீதம் வளர்ந்த தஞ்சாவூர்ச் சீமையில் இருக்கிற நாம் இதைக் கொண்டாடியிருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதை வைத்தே எதிர்காலத்தைக் கற்பனை செய்யலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, நம் மண்ணில் அந்த ஒரு மாற்றத்தை எங்கே தேடுவது? நான் தண்ணீரில் தேடுவேன். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம்.

காவிரித் தண்ணீர் எப்போதும் மேற்கேயிருந்து வருகிறது. மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்கிறார்கள் என்றால், முக்கொம்பு தாண்டி, கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைசியாகத் தண்ணீர் பாயும் கடைமடைக்கு வந்து சேரப் பல நாள் ஆகிவிடும். தலைமடைக்காரர் நாற்று விட்டுவிடுவார். வேதாரண்யம் பக்கத்துக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இதுதான் நமக்குத் தெரிந்த உலகம். இதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தண்ணீர் கிழக்கேயிருந்து வருகிறது. மேட்டூர் வற்றிவிட்டது, கடற்கரையில் பெரிய பெரிய ஆலைகள் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து வாய்க்காலில் விடுகின்றன.

இந்த இடத்தில் மாணவர்கள் கேமராவைத் தூக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். முதலில் காகிதமும் பேனாவும் எடுங்கள், கணக்குப் போடுங்கள். சயின்ஸ் ஃபிக்ஷனில் சயின்ஸ் இருக்கும் இடம் இந்தக் கணக்குதான்.

சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும்படி கட்டப்பட்டது. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். அப்படியானால் ஒரு டிஎம்சி தண்ணீருக்கு அந்த மாதிரி ஓர் ஆலை 283 நாள் ஓட வேண்டும். மேட்டூர் அணை நிரம்பினால் 93.47 டிஎம்சி. எத்தனை ஆலை வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள், தலை சுற்றும். கடல்நீரில் ஆயிரம் லிட்டரை நல்ல தண்ணீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு டிஎம்சிக்கு எட்டரைக் கோடி யூனிட்டுக்குக் குறையாது. இதோடு முடியவில்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இத்தனை காலமும் இறக்கத்தில் தானாக ஓடிவந்த தண்ணீரை இனி மேட்டுக்கு ஏற்ற வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டு முடித்தவுடன் கதை தானாகப் பேச ஆரம்பிக்கும். இவ்வளவு செலவான தண்ணீரைச் சும்மா வயலுக்கு விட மாட்டார்கள்; ஒவ்வொரு மடையிலும் மீட்டர் இருக்கும். ஷட்டர் திறக்கிற லஸ்கர் கையில் சாவிக்குப் பதில் ரீடிங் எடுக்கிற கருவி இருக்கும். ஆலைக்குள் போகிற கடல்நீரில் பாதிக்கு மேல் உப்பு கூடிய கழிவாகத் திரும்பக் கடலுக்குப் போகும். அப்படியானால் கோடியக்கரை மீனவருக்கும் திருத்துறைப்பூண்டி விவசாயிக்கும் சண்டை வரும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்ன ஆகும் என்ற கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் மேல், நூறு வருஷமாகக் கடைசியில் நின்றவன் முதல் ஆளாகிவிடுவான். வேதாரண்யம் தலைமடை, கல்லணை கடைமடை! நம் டெல்டாவில் இதைவிடப் பெரிய புரட்சி எதுவும் இருக்க முடியாது. ராக்கெட் எதற்கு?

இப்போது இரண்டு நிமிடத்துக்கு வருவோம். மேலே சொன்ன அத்தனையையும் அதில் அடைக்கக் கூடாது. பெரும்பாலான மாணவர் படங்கள் இங்கேதான் விழுகின்றன. கறுப்புத் திரையில் '2089-ஆம் ஆண்டு' என்று எழுத்து, பின்னாலிருந்து கனத்த குரலில் ஒருவர் உலகம் அழிந்த வரலாற்றைச் சொல்வது. பார்ப்பவர் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. தொடக்கக் காட்சியின் வேலை, பார்ப்பவர் மனதில் ஒரே ஒரு கேள்வியை ஊன்றிவிடுவது. விடை அப்புறம்.

நானாக இருந்தால் இப்படித் திட்டமிடுவேன். அதிகாலை. வறண்ட வாய்க்கால். கரையில் ஊரே நிற்கிறது. தாம்பாளத்தில் பூ, விதைநெல், கற்பூரம். புதுத்தண்ணீரை வரவேற்கக் காத்திருக்கும் காட்சி, நமக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் எல்லார் முகத்திலும் வெயில் விழுகிறது. எல்லாரும் சூரியனைப் பார்த்து நிற்கிறார்கள். டெல்டாக்காரன் எவனுக்கும் இங்கே வயிற்றில் ஏதோ புரளும். தண்ணீருக்கு ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறார்கள்? ஒரு பெரியவர் மட்டும் பழக்க தோஷத்தில் மேற்கே பார்த்து நிற்கிறார். பத்து வயதுப் பேத்தி அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்புகிறாள். "தாத்தா, அங்க இல்ல, இங்க." இரண்டு நிமிடத்துக்கும் அந்த ஒரு வசனம் போதும்.

அந்தத் தாத்தாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கதை 2089-இல் நடக்கிறது, அவருக்கு 75 வயது என்றால், அவர் பிறந்தது 2014. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்வருகிற பையன்தான் அவர்! கஜா புயலை நான்கு வயதில் பார்த்தவர். ஆகவே தாத்தா என்றதும் வேட்டி, துண்டு, வெற்றிலைப் பெட்டி என்று போய்விடாதீர்கள். அவர் போட்டிருப்பது சாயம் போன கிரிக்கெட் ஜெர்சியாக இருக்கலாம். பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பது திரை உடைந்த ஸ்மார்ட்போனாக இருக்கலாம். அவருக்குப் பழைய பாட்டு என்பது நீங்கள் இன்று முணுமுணுக்கிற பாட்டு. வயதை இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எதிர்காலம் நம்பும்படி இருக்கும்.

வருஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் சுவரில் எழுதுங்கள். மேட்டூர் அணை திறந்தது 1934. ஒரு மதகுச் சுவரில் 'மேட்டூர் அணை 150-ஆம் ஆண்டு விழா' என்று பாதி அழிந்த எழுத்து. 2084-இல் விழா எடுத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் ஏதோ நடந்திருக்கிறது. கவனிக்கிறவருக்கு இது போதும். நிஜ மதகில் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், ஒட்டுப்பலகையில் எழுதிச் சாத்தி வையுங்கள்.

அடுத்தது, தண்ணீர் வரும் ஷாட். காவிரியின் புதுத்தண்ணீர் எப்படி வரும்? கலங்கலாக, நுரையும் சருகும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு வரும். ஆலைத் தண்ணீரில் வண்டல் இருக்காது, மீன்குஞ்சு இருக்காது. கண்ணாடி மாதிரி வரும். அதைக் காட்டுங்கள்; அழகாகவும் இருக்கும், வயிற்றைக் கலக்கவும் செய்யும். இதற்குக் கிராபிக்ஸ் எதற்கு? போர்செட் வைத்திருக்கிற ஒரு விவசாயியிடம் கேட்டு, அவருடைய சிமென்ட் வாய்க்காலைக் கழுவிவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி, கேமராவைத் தரையோடு வைத்து எடுங்கள். மண் வாய்க்காலில் எடுத்தால் கலங்கிவிடும்.

பெரிய வாய்க்கால் எதிர்த்திசையில் ஓடுவது போலவும் காட்டலாம். தென்கரையில் நின்று வடக்கே பார்த்து மக்களை எடுங்கள். திரையில் கிழக்கு வலது கைப்பக்கம் வரும், எல்லாரும் வலப்பக்கம் பார்ப்பார்கள். தண்ணீரை எடுக்கும்போது மட்டும் வடகரைக்குப் போய்த் தெற்கே பார்த்து எடுங்கள். மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிற அதே தண்ணீர், திரையில் வலமிருந்து இடமாக ஓடும். இரண்டையும் எடிட்டிங்கில் ஒட்டினால், அவர்கள் பார்க்கிற பக்கத்திலிருந்தே தண்ணீர் வருகிறது. திசை குழம்பாமல் இருக்க, காட்சியின் குறுக்கே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு அதன் ஒரே பக்கத்தில்தான் கேமரா நிற்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தருவோம். அந்த விதியை வேண்டுமென்றே மீறுகிற இடம் இது. தண்ணீர் ஷாட்டில் அடையாளம் தெரியும் மரமோ கோயிலோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஸ்டோரிபோர்டில், அதாவது ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு கட்டமாக வரைந்து வைக்கும் தாளில், அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டால் கரையில் நின்று குழம்ப வேண்டாம். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை, குச்சி மனிதர்கள் போதும். ஒரு ஷாட்டுக்கு நான்கு விநாடி என்றால் இரண்டு நிமிடத்துக்கு முப்பது கட்டம்.

வெளிச்சம் ஒத்துழைக்கும் நேரம் குறைவு. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஏழு தாண்டினால் முகத்தில் அந்தப் பொன்னிறம் போய்விடும். முந்தின நாளே அதே நேரத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒலிக்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். நம் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் அன்று ராத்திரியே தவளை கத்தும். உங்கள் படத்தில் தவளையே கத்தக் கூடாது. காற்று, ஜனங்களின் முணுமுணுப்பு, எங்கேயோ தூரத்தில் விடாமல் ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு ரைஸ்மில் சத்தத்தையோ பம்புசெட் சத்தத்தையோ பதிவு செய்து, வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அது என்ன எந்திரம் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் மடையைத் தொட்டதும் மீட்டர் ஓடுகிற 'டிக், டிக்'. அதற்கு ஒரு பால்பாயின்ட் பேனா போதும். அந்த டிக்கோடு டைட்டிலைக் கொண்டுவாருங்கள். மைக்கில் காற்று அடிக்காமல் இருக்க ஸ்பாஞ்சும் துணியும் சுற்றுங்கள்.

அனுமதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதகு, ஷட்டர் பக்கம் எடுப்பதென்றால் நீர்வளத் துறையில் கேட்க வேண்டும். கோடியக்கரை சரணாலயத்துக்கு வனத்துறை. ட்ரோன் 250 கிராமுக்கு உட்பட்டதாக இருந்தாலும் சிவப்பு, மஞ்சள் என்று வரைபடத்தில் குறித்திருக்கும் கட்டுப்பாட்டு மண்டலங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம். ஷட்டருக்கு அருகில் சுழல் இருக்கும், நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். எந்த ஷாட்டும் ஒரு உயிருக்கு ஈடாகாது.

படப்பிடிப்புக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்டோரிபோர்டுப் படங்களை மொபைலில் போட்டோ எடுத்து, வரிசையாக அடுக்கி, நீங்கள் சேர்த்த ஒலியோடு இரண்டு நிமிட வீடியோவாக ஓட்டுங்கள். அதை வகுப்புத் தோழர்களிடம் காட்டாதீர்கள், அவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். திருவையாறு பக்கம் ஒருவரிடமும் வேதாரண்யம் பக்கம் ஒருவரிடமும் காட்டுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஓடி முடிந்ததும் அவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். திருவையாற்றுக்காரர் "எங்களுக்கு எப்பத் தண்ணி வரும்?" என்று கேட்டால் மூன்றாவது நிமிடத்தை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம். வேதாரண்யத்துக்காரர் எதுவும் கேட்காமல் இன்னொரு தடவை போடச் சொன்னால், மறுநாள் விடியற்காலை கேமராவோடு கிளம்பிவிடலாம். இரண்டு பேரும் "என்ன நடக்குது, புரியலையே" என்றால் வசனம் சேர்க்கப் போகாதீர்கள். பேத்தி தாத்தாவைத் திருப்புகிற அந்த ஷாட்டை இன்னும் இரண்டு விநாடி நீட்டிவிட்டுத் திரும்பக் காட்டிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.