திருவலகு பிடித்த கை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கோயிலில் உடலால் செய்யும் தொண்டாகிய சரியை, பூசையாகிய கிரியை, யோகம், ஞானம் என்னும் சைவத்தின் நான்கு பாதங்களில், அதாவது நெறிகளில், அடியாரை உயர்த்துவது சரியையே என்பது எங்கள் கட்சி.

"விரும்பும் சரியைமுதல் மெய்ஞ்ஞானம் நான்கும் அரும்புமலர் காய்கனிபோல் அன்றோ" என்ற தாயுமானவர் வாக்கைச் சொல்லி, "அரும்பைத் தின்று பசியாறியவர் உண்டா?" என்று எதிரணித் தலைவர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கேள்விக்கு விடை திருப்புகலூரில் இருக்கிறது.

கிரியைக்குச் சம்பந்தரையும், யோகத்துக்குச் சுந்தரரையும், ஞானத்துக்கு மாணிக்கவாசகரையும் காட்டும் நம் மரபு, சரியைக்கு அப்பரைக் காட்டுகிறது. அவர் தள்ளாத வயதில் புகலூர்க் கோயிலில் உழவாரத்தால் புல் செதுக்குகிறார். செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன என்கிறது பெரியபுராணம். அந்த முற்றத்தில் சற்று நின்று பாருங்கள், அவையோரே! வெயில் பட்டு மணி ஒளிர்கிறது. குனிந்த முதுகு நிமிரவில்லை. பருக்கைக் கல்லை அள்ளுவது போலவே பொன்னையும் உழவாரத்தில் ஏந்துகிறார், குளத்தில் எறிகிறார், மறுபடியும் புல்லுக்கே திரும்புகிறார். பொன்னையும் கல்லையும் ஒன்றாகக் கண்ட அந்தப் பார்வைக்கு ஞானம் என்றல்லாமல் வேறென்ன பெயர்? எதிரணித் தலைவரே, நீங்கள் தேடும் கனி அந்த உழவாரத்தின் நுனியிலேயே பழுத்திருந்தது.

அப்பரின் அந்தக் கையைச் சிவப்பணிக்குத் திருப்பியதும் சரியைதான். சூலை என்னும் வயிற்று நோயோடு வந்து விழுந்த தம்பி அப்பருக்குத் திருநீறு தந்து, விடியுமுன் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றபோது, அக்காள் திலகவதியார் உடன் எடுத்துச் சென்றவை திருவலகு என்னும் துடைப்பமும், தரை மெழுகும் சாணமாகிய திருமெழுக்கும், தண்ணீர்த் தோண்டியுமே.

என் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் ஊர்ச் சிவன் கோயில் வாசலை நாள்தோறும் கூட்டிச் சாணம் தெளித்தவர், கடைசி ஆண்டில் படுக்கையில் விழுந்தார். விடியற்காலையில் அவர் விரல்கள் போர்வையின் மேல் சருகு பொறுக்கிக்கொண்டிருக்கும். "வாசல் கூட்டியாச்சா?" என்பார், "ஆச்சு அத்தை" என்று அம்மா பொய் சொல்வார். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நானே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவிட்டு வந்து அருகில் அமர்ந்தேன். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தவர், உள்ளங்கையில் ஒட்டியிருந்த அந்த வாசல் மண்ணை ஒரு விரலால் தொட்டு, நெற்றியில் இட்டுக்கொண்டார்.