கரும்பின் இனிப்பு எங்கிருந்து வருகிறது?

வணக்கம். நம் மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: “ஐயா, கரும்பு தண்ணீரையும் காற்றையும் கொண்டு சர்க்கரை செய்கிறது என்று என் மகனின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தண்ணீரும் இனிக்காது, காற்றும் இனிக்காது. பிறகு இனிப்பு எங்கிருந்து வந்தது, மண்ணிலிருந்தா என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.”

அம்மா, முதலில் உங்கள் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வேதியியலின் நடு நரம்பைத் தொட்டுக் கேட்டிருக்கிறான்.

மண்ணை முதலில் விலக்கிவிடுவோம். நம் தீவில் கரும்புக்கு இடும் உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பொட்டாசியமும் இருக்கின்றன. தூய சர்க்கரையில் இவற்றின் ஓர் அணுகூடக் கிடையாது. ஒரு சர்க்கரை மூலக்கூறில் இருப்பவை 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன். மொத்தம் 45 அணுக்கள். மண் தருவது கருவிகளை. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் மக்னீசியம், செடிக்குள் வேதிவினைகளை விரைவாக நடத்தும் நொதிகளில் நைட்ரஜன். சுத்தியல் இல்லாமல் நாற்காலி செய்ய முடியாது. அதற்காக நாற்காலிக்குள் சுத்தியல் இருப்பதில்லை.

இனி இனிப்புக்கு வருவோம். கலவை வேறு, சேர்மம் வேறு. உப்பையும் சர்க்கரையையும் கலந்து வாயில் போட்டால் இரண்டு சுவையும் தெரியும். சேர்மம் அப்படியன்று. ஹைட்ரஜன் எரியும்; ஆக்சிஜன் எரிவதற்குத் துணைபோகும்; இரண்டும் சேர்ந்த தண்ணீரோ தீயை அணைக்கும். பழைய பிணைப்பு அறுந்து புதிய பிணைப்பு உண்டாகும்போது பழைய குணமும் போய்விடுகிறது. இனிப்பு கார்பனிலும் இல்லை, ஹைட்ரஜனிலும் இல்லை. 45 அணுக்களும் சேர்ந்து கொள்ளும் வடிவம் நாக்கிலுள்ள இனிப்பு உணரியில் போய்ப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்தைத்தான் நாம் இனிப்பு என்கிறோம்.

அந்த வடிவம் ஒரே தாவலில் வந்துவிடுவதில்லை. இலையில் வெயில் விழுந்ததும் பச்சையம் அதைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியே போகிறது. ஹைட்ரஜன் உள்ளே நின்றுவிடுகிறது. வெளியேறும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தே வருகிறது என்று 1941-இல் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டு சோதித்துக் காட்டினார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரும்பு முதலில் 4 கார்பன் கொண்ட அமிலமாக மாற்றி, உட்செல்களுக்கு அனுப்பி, அங்கே மறுபடியும் விடுவித்துச் சர்க்கரை வேலையைத் தொடங்குகிறது. நம் வெயிலில் கரும்பு இவ்வளவு செழிப்பாக வளர இந்த வழியும் ஒரு காரணம். பல படிகளுக்குப் பிறகு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் உருவாகின்றன. இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அடுக்கு மட்டும் வேறு. செடிக்குள் பாஸ்பேட்டின் துணையோடு இவை இணைகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றிருக்கும். மிஞ்சுவது சுக்ரோஸ், நம் வீட்டுச் சர்க்கரை.

1 கிலோ சர்க்கரைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடு வேண்டும். காற்றில் அது 0.04 விழுக்காடு அளவே இருப்பதால், ஏறக்குறைய 2000 கன மீட்டர் காற்றில் உள்ளதையெல்லாம் இலை வடித்தெடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். கப்பலேறி வந்த நம் முன்னோர் இந்தத் தீவில் வெட்டிச் சுமந்த கரும்புக்கட்டின் எடையெல்லாம் அநேகமாகத் தண்ணீரும் காற்றிலிருந்து வந்த கார்பனும்தான்.

மகனுக்குக் காட்ட ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், உருகிய சர்க்கரை தோலில் பட்டால் கடுமையாகச் சுட்டுவிடும். பழைய கரண்டியில் கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சிறு தீயில் பிடியுங்கள். உருகும், பழுப்பாகும், ஆவி எழும், கடைசியில் கரி மிஞ்சும். அந்தக் கரி ஒருகாலத்தில் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கார்பன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் கரும்பு லாரிகள் ஆலைக்கு விரைவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய கரும்பைப் போட்டு வைத்தால் நொதிகள் சுக்ரோஸை மறுபடியும் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கத் தொடங்கும். முன்பு கழன்ற தண்ணீர் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சாறு இனிக்கத்தான் செய்யும், ஆனால் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரைப் படிகம் குறைந்துபோகும்.