எரிபொருள் மிச்சமாவது சமைப்பவர் கையில்தான்

நடுவர் அவர்களே, எதிரணியின் சொல்வன்மை மிக்க பேச்சாளர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

'வீட்டில் எரிபொருள் மிச்சமாவது பெரிதும் நவீன அடுப்பினாலா, சமைப்பவரின் பழக்கத்தினாலா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நட்சத்திரக் குறி பெற்ற எரிவாயு அடுப்பு, பிரஷர் குக்கர், இன்டக்‌ஷன் அடுப்பு ஆகிய மூன்றையும் சாட்சிகளாக நிறுத்தி, இவை வீட்டுக்குள் வந்த பிறகுதான் சிலிண்டர் கூடுதல் நாள் வருகிறது என்று வாதாடிவிட்டு அமர்ந்தார். அவர் அழைத்து வந்த சாட்சிகளையே நான் குறுக்கு விசாரணை செய்ய விரும்புகிறேன்.

முதலில் எரிவாயு அடுப்பு. வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. நல்லது. ஆனால், அந்த அளவு சோதனைக் கூடத்தில், அடுப்புக்கு ஏற்ற அகலமுள்ள பாத்திரத்தை வைத்து, மூடி போட்டு எடுக்கப்படுவது. நம் வீட்டில் நடப்பது என்ன? பெரிய பர்னரில் ஒரு டம்ளர் பாலுக்கான சிறு பாத்திரத்தை ஏற்றி, தீயை முழுவதும் திறந்துவிட, சுடர் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைத் தீய்க்கிறது. பொங்கி வழிந்த பால் பர்னரின் துளைகளை அடைத்துக்கொள்ள, நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படிகிறது. அந்தத் துளையை ஊசி கொண்டு குத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் இல்லாத வீட்டில் எத்தனை நட்சத்திர அடுப்பு இருந்தென்ன?

நடுவர் அவர்களே, இந்த வழக்கின் உயிர்நாடி ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் உள்ள ஒரு லிட்டர் நீரை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரைக் கொதிக்கக் கொதிக்க முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அதாவது, ஏழு மடங்குக்கும் மேல். கொதி வந்த பிறகு நீங்கள் தீயை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்து நீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது. ஆகவே, சோறு ஒரு நிமிடம்கூட முன்னதாக வேகாது. கூடுதலாக எரிந்த வாயு அவ்வளவும் ஆவியாகிச் சமையலறைக் கூரையை நனைக்கும். கால் லிட்டர் நீரை இப்படி ஆவியாகப் பறக்கவிட்ட சூட்டைக் கொண்டு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைப் புதிதாகக் கொதிக்க வைத்திருக்கலாம். கொதி வந்தவுடன் தீயைத் தணிப்பதும், பாத்திரத்தை மூடுவதும், உலைக்கு அளவாகத் தண்ணீர் வைப்பதும் கையின் வேலை. இவற்றுக்குக் கடையில் விலை கிடையாது.

இரண்டாவது சாட்சி பிரஷர் குக்கர். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. உள்ளே அழுத்தம் ஏறுவதால் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கிறது. பருப்பு விரைவில் குழைகிறது. ஆனால், நம் வீடுகளில் குக்கரை இயக்குவது எண்ணிக்கை. 'சாதத்துக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு எட்டு விசில்' என்று வாய்ப்பாடாகவே சொல்லி வைத்திருக்கிறோம். விசில் என்பது தேவைக்கு மேல் போன சூடு வெளியேறும் ஓசை. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்தால் உள்ளே அதே 120 பாகைதான். வேகும் நேரமும் ஏறத்தாழ அதேதான். செலவாகும் வாயு மட்டும் குறைவு. அடுப்பை அணைத்த பிறகும் அழுத்தம் தானாக இறங்கும் வரை உள்ளே வெந்துகொண்டிருக்கும் என்பதை அறிந்தவர் சற்று முன்னதாகவே அணைக்கிறார். அறியாதவர் குழாயடியில் குக்கரைக் காட்டி, காசு கொடுத்து வாங்கிய சூட்டைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒரே தடவையில் எடுக்கும் வீடும் உண்டு. மூன்றுக்கும் மூன்று முறை குக்கரை ஏற்றி இறக்கும் வீடும் உண்டு. இரண்டு வீட்டிலும் குக்கர் ஒன்றே. கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட நினைவிருப்பவரின் சிலிண்டர் நீடிக்கிறது; இல்லாதவருடையது விசிலாகக் கரைகிறது.

மூன்றாவது, இன்டக்‌ஷன். பாத்திரத்துக்கு வெப்பத்தைச் சேர்ப்பதில் அது எரிவாயு அடுப்பைவிடத் திறமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அதற்கு மின்சாரம் தரும் அனல் மின் நிலையத்தில், நிலக்கரி எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது என்பதை எதிரணித் தலைவர் சொல்லாமல் விட்டது தற்செயலா என்று தெரியவில்லை. சட்டியின் அடி தட்டையாக இல்லாவிட்டால் அந்தத் திறமையும் குறைகிறது. மூடாத பாத்திரத்தில் கொதிக்கும் ரசத்தின் ஆவிக்கோ அடியில் இருப்பது எந்த அடுப்பு என்று தெரியாது.

பழைய சமையலறை புகை மண்டியது, விறகைத் தின்றது என்றும் குறை சொன்னார்கள். புகையை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும், கொடியடுப்பில் உலை கொதிக்கும்போதே, பக்கத்துக் கொடிக்கு வரும் மிச்சச் சூட்டில் குழம்பை வைத்து, தீயை இழுத்த பின் தணலில் பாலை வைத்த சிக்கனத்தைக் குறை சொல்ல முடியுமா? 'கொடியடுப்பும் ஒரு கருவிதானே' என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஆம், கருவிதான், எதை எப்போது எங்கே மாற்றி வைப்பது என்று அதற்குத் தெரியாது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு பரப்பிய சூடாறாப்பெட்டியும் அப்படித்தான்: அரிசி கொதித்ததும் பானையை எடுத்து, வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் வைத்துவிட்டால், தீயே இல்லாமல் சோறு வெந்துவிடும். நேரத்தோடு இறக்கி வைக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அந்தப் பெட்டியால் பயன்.

'பழக்கம் என்று சொல்லிப் பெண்கள் தலையில் பழி போடுகிறீர்கள்' என்ற குற்றச்சாட்டும் வந்தது. தலைப்பில் சமைப்பவர் என்றுதான் இருக்கிறது. அது மட்டுமன்று, உண்பவரின் பழக்கத்தையும் நாங்கள் கணக்கில் சேர்க்கிறோம். ஏழு மணிக்கு ஒருவர், எட்டரைக்கு ஒருவர், பத்து மணிக்குக் கைப்பேசியை வைத்துவிட்டு வரும் மகன் என்று ஆளுக்கொரு நேரம் சாப்பிட வந்தால், தோசைக்கல் மூன்று முறை காய்கிறது. முதல் தோசை வார்ப்பதற்கு முன் எரிந்தது அத்தனையும் இரும்பைச் சூடாக்கியதற்கே போகிறது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் கல் ஒரு முறை காய்ந்தால் போதும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சாம்பாரை அரை மணி நேரம் வெளியே வைக்காமல் நேராக அடுப்பில் ஏற்றுவதும், ஒரே இட்லிப் பானையில் மூன்று தட்டு வைக்க இடமிருந்தும் ஒரு தட்டோடு ஈடு எடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். இவற்றில் எதையும் புதிய அடுப்பு திருத்தாது.

எனக்குப் பின் பேசவிருக்கும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். ஒரே வகை அடுப்பு, ஒரே அளவுக் குடும்பம், ஒரே 14.2 கிலோ சிலிண்டர் உள்ள இரண்டு அடுத்தடுத்த வீடுகளில், ஒன்றில் சிலிண்டர் பல நாள் முன்னதாகத் தீர்ந்துபோவது ஏன்? அடுப்பின் பெயரை எடுக்காமல் அதற்கு விடை சொல்லிவிட்டு, பிறகு நவீன அடுப்பின் புகழைப் பாடட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி.