பதினேழு கீறல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் வயதுக்காரர்களுக்கு வாடகை வண்டி என்றால் சைக்கிள்தான். கடைக்காரர் பெயரையும் நேரத்தையும் சிலேட்டில் எழுதிக்கொள்வார். சங்கிலி கழன்றிருந்தாலும் கைப்பிடி கோணியிருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவது ஒரு கலை. அந்தக் கலையில் தேர்ந்த இரண்டு பேர், அறுபதைத் தாண்டிய பிறகு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் கடற்கரைக்குப் போன கதை இது.

ஒருவன் நான், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இன்னொருவர் என் பக்கத்து வீட்டுக்காரர். வங்கியில் முப்பத்திரண்டு வருடம் காசாளராக இருந்தவர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பதால் காசாளர் என்றே சொல்கிறேன். அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைக் கருவாடு கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார். மதுரையிலேயே கிடைக்கும். ஆனால் கடற்கரையில் வாங்கினால் விலை குறைவு என்று காசாளர் கணக்குப் போட்டார். கார் வாடகையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாமே ஓட்டிக்கொள்ளும் கார் அது. இரண்டு நாள் வாடகை, அதற்குமேல் 5,000 ரூபாய் முன்பணம். கார் சேதமில்லாமல் திரும்பினால் முன்பணமும் திரும்பும். சாவி கொடுக்க வந்த பையன் காரைச் சுற்றி வந்து கைப்பேசியில் படம் பிடித்தான். காசாளருக்கு அது போதவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்று கட்டம் போட்டார்: எந்த இடம், எந்தப் பக்கம், எத்தனை விரல் நீளம். பிறகு குனிந்து, விரலில் எச்சில் தொட்டுக் கதவைத் துடைத்துத் துடைத்துக் கீறல்களை எண்ணினார். நோட்டுக்கட்டு எண்ணிய பழக்கம், இரண்டாவது தடவையும் எண்ணினார். பதினேழு. பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினார். எனக்கும் உரிமம் இருக்கிறது என்று மெல்லச் சொன்னேன். "படிவத்தில் உங்கள் பெயர் இல்லை வாத்தியாரே" என்றார். அதோடு முடிந்தது.

இந்த வகைக் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பரமக்குடியில் டீ குடிக்க இறங்கியபோது ஒரு பெரியவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளை என்றால் சொந்த வண்டி, மஞ்சள் என்றால் டாக்சி. இது எதில் சேர்த்தி?" என்று கேட்டார். "வாடகைச் சைக்கிள் மாதிரி ஐயா" என்றேன். உடனே புரிந்துகொண்டு, "பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார். காசாளர் அந்த வார்த்தையை நெஞ்சில் எழுதிக்கொண்டுவிட்டார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமன் நட்டு வழிபட்ட நவக்கிரகங்கள் என்பது ஐதீகம். அந்தப் பக்கத்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும். நான் பார்த்துவிட்டுத் திரும்பியபோது காசாளர் இன்னும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். தென்னை மரத்தடி வேண்டாம், காய் விழும். பனை மரத்தடி வேண்டாம், மட்டை விழும். வேப்ப மரத்தில் காகம் இருக்கிறது. சுவரோரத்தில் ஆடு உரசும். மாவட்டத்தில் இருந்த சொற்ப நிழல்களையும் இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, நட்ட நடு வெயிலில் நிறுத்தினார். இரண்டு நாளும் இதே கதைதான். இதை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருப்புல்லாணியில் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சேதுக்கரைக்குப் புறப்பட்டோம். இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்தைப் பற்றி இந்த வானொலியில் எத்தனையோ பேர் பேசியிருப்பார்கள். நிலத்தடி நீர், விறகு, கரிமூட்டம் என்று பேசுவார்கள். அது வாடகைக் காரை என்ன செய்யும் என்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள். இரண்டு பக்கமும் முள், நடுவில் சாலை. எதிரே பஸ் வந்தது. ஒதுங்கினால் முள், ஒதுங்காவிட்டால் பஸ். கடலிடம் வழி கேட்டு ராமன் மூன்று நாள் தர்ப்பைப் புல்லில் கிடந்தது திருப்புல்லாணியில்தான் என்பார்கள். காசாளர் மூன்று நிமிடம்கூடக் கிடக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, முட்கிளைகளை இரண்டு கையாலும் அணைத்துப் பின்னுக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே, வண்டியை ஒதுக்குங்கள்!" என்று கத்தினார். படிவத்தில் என் பெயர் இல்லை என்று ஞாபகப்படுத்தினேன். அவர் அப்போது சொன்ன வார்த்தையை வானொலியில் சொல்லக்கூடாது. வண்டியை நான்தான் ஒதுக்கினேன். பஸ் போனது, காரில் ஒரு கோடுகூட விழவில்லை. காசாளரின் கைகளில் நான் எண்ணியவரை ஒன்பது. "இது வாடகைக்கு எடுத்தது இல்லை, பரவாயில்லை" என்று எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டார்.

பாம்பன் பாலத்தை எல்லோரும் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்கக் கடப்பார்கள். நாங்கள் ஏற்றிவிட்டுக் கடந்தோம். உப்புக் காற்று உள்ளே போனால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது காசாளரின் கட்சி. பக்கத்திலேயே சாட்சியும் நின்றது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், துருவோடு போராடிப் போராடி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. அதை ஒட்டி, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. நூறு வருடப் பாலத்தையே தின்ற காற்று வாடகைக் காரை விட்டுவைக்குமா என்று கேட்டார். பதில் சொல்ல முடியாத கேள்வி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சாலைப் பாலத்தில், இரண்டு பக்கமும் நீலமாகக் கடல் விரிந்து கிடக்க, கண்ணாடிக்குள் வியர்த்துக்கொண்டே போனோம்.

இரவு இராமேசுவரத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் தனுஷ்கோடி. 2017-க்கு முன்னால் கடைசிச் சில மைல்களை மணலிலும் நீரிலும் குலுங்கும் வேனில்தான் கடக்க வேண்டும். இப்போது அரிச்சல்முனைவரை தார்ச்சாலை. ஒரு பக்கம் அடங்கிக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், மறுபக்கம் அலையடிப்பதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். பவளப்பாறைக் கல். நெளிநெளியாக, மூளையின் மடிப்பு மாதிரி கோடுகள். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடலே 1964 டிசம்பர் 22 இரவில் வந்து உடைத்திருக்கிறது. பாம்பனிலிருந்து ஆட்களோடு வந்த ரயிலும் அந்த இரவில்தான் போனது. காசாளர் அங்கே மட்டும் காரை மறந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு காற்றில் மணல் பறக்கத் தொடங்கியது. மணல் பட்டால் சாயம் போய்விடும் என்று ஓடினார்.

திரும்பும் வழியில் பாம்பனில் கருவாடு வாங்கினோம். விற்ற அம்மாள் தாளில் சுற்றிக் கொடுக்கும்போதே, "வீடு போய்ச் சேரும்வரை காற்றாட வையுங்கள் ஐயா, திருக்கை இது" என்றார். காற்றாட வைக்க வேண்டுமானால் காரின் மேலே கட்ட வேண்டும். கட்டினால் கயிறு உரசும். காசாளர் பொட்டலத்தைப் பின்பக்கப் பெட்டியில், மாற்றுச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். மண்டபத்தில் மீன்குழம்போடு சாப்பிட ஒன்றரை மணி நேரம் ஆனது. கார், வழக்கம்போல, கண்ணாடி ஏற்றியபடி வெயிலில்.

கதவைத் திறந்தேன். கண்ணில் நீர் வந்தது.

இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. திருக்கையும் சுறாவும் கடலின் உப்பைச் சமாளிக்க உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கின்றன. செத்தபின் அது சிதைந்து அம்மோனியா ஆகிறது. பள்ளியில் அறிவியல் வாத்தியார் குப்பியைத் திறந்து மூக்கருகே காட்டுவாரே, அதேதான். அந்தக் குப்பிக்குள் உட்கார்ந்துகொண்டு மதுரைவரை நாங்கள் போக வேண்டும்.

இராமநாதபுரத்தில் எலுமிச்சம்பழம் வாங்கிப் பிழிந்தோம். சத்திரக்குடியில் மல்லிகைப்பூ நான்கு முழம். பரமக்குடியில் கற்பூரமும் ஊதுபத்தியும். இழவு வீட்டில் கருவாடு வறுத்த மாதிரி ஆனது. கடைசியில் காசாளர் தோற்று, நான்கு கண்ணாடிகளையும் இறக்கினார். மானாமதுரை விலக்குவரை இருவரும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தோம். எதிரே வந்த லாரிக்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

காரை ஒப்படைக்கும் இடத்தில் அதே பையன். காசாளர் நோட்டை விரித்து, "பதினேழுதான். எண்ணிக்கொள்" என்றார். பையன் எண்ணவில்லை. பின்பக்கப் பெட்டியைத் திறந்தவன் ஓர் அடி பின்னால் போனான்.

"திருக்கையா சார்?"

"எப்படித் தெரியும்?"

"எனக்குப் பாம்பன்தான் ஊர்."

கழுவித் துடைத்து, இருக்கைத் துணியெல்லாம் மாற்றவேண்டும் என்று முன்பணத்தில் 1,500 ரூபாய் பிடித்தான். காசாளர் வாதாடவில்லை. எதைக் கழித்தாலும் பதிவு வேண்டும் என்று மட்டும் சொல்லி நோட்டை நீட்டினார். பதினெட்டாவது வரியில் பையன் 'வாசனை' என்று எழுதினான். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"எந்தப் பக்கம் என்று போடுவது சார்?"

காசாளர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். இரண்டாவது தடவையும் சுற்றினார்.

"எல்லாப் பக்கமும் என்று போடு தம்பி" என்றார்.

வணக்கம்.